பிக்கப் ட்ரக் உண்மையில் எவ்வளவு மைலேஜ் தரும்? புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு கணக்கு வழி

"அண்ணா, ஸ்டிக்கர்ல 24-னு போட்டிருந்துச்சு. எனக்குப் பதினாறைத் தாண்டவே மாட்டேங்குது. வண்டில ஏதாவது கோளாறா?"

பேர்லாண்ட் மீனாட்சி கோயில் பார்க்கிங்கில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக் கேட்டது. ஹூஸ்டனுக்கு வந்து இரண்டு வருடம். முதல் ஃபுல் சைஸ் பிக்கப்பை வாங்கி ஆறு வாரம். நான் மூன்று கேள்வி திருப்பிக் கேட்டேன். அந்த 24 ஸ்டிக்கரில் எந்த இடத்தில் இருந்தது? பதினாறு என்று யார் சொன்னது, டேஷ்போர்டா, நீங்களே போட்ட கணக்கா? வண்டி தினமும் எங்கே போகிறது? முதல் இரண்டுக்கும் அவரிடம் பதில் இல்லை. மூன்றாவதுக்கு இருந்தது. வீட்டிலிருந்து நாலு மைலில் ஆபீஸ், நடுவில் குழந்தையின் டேகேர்.

வண்டியில் கோளாறு இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்லி முடிப்பதற்குள் பிரசாத வரிசை நகர்ந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

இது அமெரிக்காவில் முதல் முறையாக எஃப்-150, சில்வராடோ, சியரா, ராம் 1500, டண்ட்ரா என்று ஏதோ ஒன்றை வாங்கியவர்களுக்கும் வாங்கப் போகிறவர்களுக்கும். ஊரில் பைக்கானாலும் காரானாலும் "எவ்ளோ குடுக்குது?" என்று லிட்டர் கணக்கில் கேட்டே பழகிவிட்டோம். இங்கே மைலும் கேலனும். ஒரு அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். கேலனுக்கு எத்தனை மைல் என்பதுதான் எம்பிஜி. அந்த எண்ணை 0.425-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 20 எம்பிஜி என்றால் எட்டரை. இரண்டு, இரண்டரை டன் வண்டிக்கு அது மோசமில்லை. யானையைக் கட்டித் தீனி போடப் போகிறோம் என்று தெரிந்துதானே வாங்குகிறோம். எவ்வளவு தீனி என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வோம்.

படி 1: ஸ்டிக்கரை முழுசாகப் படியுங்கள்

புது வண்டியின் ஜன்னலில் ஒட்டியிருக்கும் தாளில் மூன்று எண்கள் இருக்கும்: சிட்டி, ஹைவே, கம்பைண்டு. பெரிய எழுத்தில் இருப்பது கம்பைண்டு. அதில் சிட்டிக்கு 55 சதவீதம், ஹைவேக்கு 45 சதவீதம் பங்கு. விற்பவர் வாயில் வருவது மட்டும் எப்போதும் ஹைவே எண்தான். தம்பி மனதில் பதிந்த 24-ம் அதுவே. அவர் வண்டி ஹைவே ஏறுவதோ மாதத்துக்கு இரண்டு தடவை.

அடுத்தது, மாடல் பெயரை மட்டும் வைத்து மைலேஜ் பேச முடியாது. 2021 எஃப்-150-யை எடுத்துக்கொள்ளுங்கள். 2.7 லிட்டர் டர்போ வி6, டூ வீல் டிரைவ் என்றால் கம்பைண்டு 22. பவர்பூஸ்ட் ஹைப்ரிட், ஃபோர் வீல் டிரைவ் என்றால் 24. பெரிய டயரோடு வரும் ராப்டர் என்றால் 15, 16. மூன்றும் ஒரே பெயர், ஒரே வருடம். ராமிலும் அப்படித்தான். சாதாரண வி6 ராம் 1500 இருபதைத் தாண்டும். 2021-ல் வந்த டிஆர்எக்ஸ் கம்பைண்டு 12. ஆகவே "எஃப்-150 எவ்ளோ தரும்?" என்று யாராவது கேட்டால், எந்த இன்ஜின், எத்தனை வீல் டிரைவ், என்ன டயர் என்று கேட்காமல் பதில் சொல்லாதீர்கள். பழைய வண்டி வாங்குகிறீர்கள், ஸ்டிக்கர் இல்லை என்றால், ஃப்யூல்எகானமி.கவ் என்ற அரசுத் தளத்தில் வருடம், இன்ஜின், டிரைவ் கொடுத்தால் அதே எண்கள் கிடைக்கும்.

இந்த எண்கள் வரும் விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். சோதனை சாலையில் நடப்பதில்லை. கட்டடத்துக்குள், உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, எழுதி வைத்த ஒரு வேக அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். பழைய ஹைவே அட்டவணையில் சராசரி வேகம் மணிக்கு 48 மைல்தான், அதிகபட்சமே 60. இது போதாது என்பதால் 2008 மாடல் வருடத்திலிருந்து இன்னும் மூன்று சோதனைகளையும் கணக்கில் சேர்த்தார்கள்: 80 மைல் வரை போகும் வேகமான ஓட்டம், 95 ஃபாரன்ஹீட் வெயிலில் ஏசி போட்டு ஒன்று, 20 ஃபாரன்ஹீட் குளிரில் ஒன்று. அதனால் இன்றைய ஸ்டிக்கர் பொய் சொல்வதில்லை. எல்லாவற்றையும் கலந்து ஒரு சராசரி ஆளின் ஓட்டத்தைச் சொல்கிறது. அந்தச் சராசரி ஆள் டெக்சாஸில் 78 மைல் வேகத்தில் போகிறவர் இல்லை. நாலு மைல் ஆபீஸ் போகிறவரும் இல்லை.

ஒரு விஷயம் பலரை ஏமாற்றிவிடுகிறது. எஃப்-250, சில்வராடோ 2500, ராம் 2500 போன்ற கனமான பிக்கப்களில் மைலேஜ் எண்ணே போட்டிருக்காது. சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 8,500 பவுண்டைத் தாண்டும் பிக்கப்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எண் இல்லை என்பதால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 2: டேஷ்போர்டை ஓரமாக வையுங்கள், கையால் கணக்குப் போடுங்கள்

மொத்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

டேங்கை நிரப்புங்கள். பம்ப் கைப்பிடியில் இருக்கும் சின்னக் கொக்கியை மாட்டிவிட்டால், நிறைந்ததும் 'டக்' என்று தானாக நின்றுவிடும். அந்த முதல் டக்கோடு சரி. முழு டாலர் வரட்டும் என்று இன்னும் இரண்டு அழுத்து அழுத்துவது நம்மில் நிறையப் பேருக்குப் பழக்கம். அதை விடுங்கள். கணக்கு கெடும் என்பது ஒன்று. பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே போய்விட்டால் அதை மாற்றும் செலவு இன்னொன்று.

டிரிப் மீட்டரை சைபராக்குங்கள். வழக்கம் போல ஓட்டுங்கள். கணக்குப் போடுகிறோம் என்பதற்காக நல்ல பிள்ளையாக மாறிவிட வேண்டாம். கால் டேங்குக்கு வந்ததும் அதே ஸ்டேஷன், முடிந்தால் அதே பம்ப், வண்டி அதே திசை பார்த்து நிற்க வேண்டும், மறுபடியும் முதல் டக் வரை. பம்பில் காட்டும் கேலனால் டிரிப் மீட்டரின் மைலை வகுங்கள்.

சன் வைசருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: 361.4 மைல், 20.12 கேலன். வகுத்தால் 17.96. அன்றைக்கு டேஷ்போர்டு காட்டியது 19.1. ஆறு சதவீதம் தாராளம். என் வண்டி டர்போ வி6, ஃபோர் வீல் டிரைவ், பழையதாக வாங்கியது. உங்களுடையது கூடவும் காட்டலாம், குறைவாகவும் காட்டலாம். இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தை வைத்து வண்டி தானாகப் போடும் மதிப்பீடுதான் டேஷ்போர்டு எண். பம்பில் ஓடுவது அளந்து கொடுத்த பெட்ரோல். சண்டை வந்தால் பம்ப் பக்கம் நில்லுங்கள். அதற்காக டேஷ்போர்டு வீண் என்று சொல்ல வரவில்லை. அதன் தவறு பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும். அதனால் ஒரே நாளில் இரண்டு ஓட்டங்களை ஒப்பிட அது போதும். படி 4-ல் அதைத்தான் செய்யப் போகிறோம்.

ஒரு டேங்க் போதாது. 'டக்' ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விழாது. அரை கேலன் முன்னே பின்னே போனால், 20 கேலன் போடும்போது அது இரண்டரை சதவீதத் தவறு. அஞ்சு கேலன் மட்டும் போட்டுக் கணக்குப் பார்த்தால் பத்து சதவீதம். அதனால் குறைந்தது ஐந்து டேங்க் எழுதுங்கள். அப்புறம் ஐந்து எம்பிஜி எண்களையும் கூட்டி ஐந்தால் வகுக்காதீர்கள். மொத்த மைலைத் தனியே கூட்டுங்கள், மொத்த கேலனைத் தனியே கூட்டுங்கள், பிறகு வகுங்கள். அதுதான் உங்கள் எண்.

டயர் மாற்றிய வண்டியாக இருந்தால் இன்னொரு சரிபார்ப்பும் உண்டு. பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் கையில் வருவதில் பாதி, முந்தைய ஓனர் ஆசைப்பட்டு பெரிய டயர் மாட்டிய வண்டி. 33 அங்குல டயர் இருந்த இடத்தில் 35 போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி ஆறு சதவீதம் கூடுதலாக நகரும். மீட்டருக்கு அது தெரியாது. இன்டர்ஸ்டேட் ஓரத்தில் மைலுக்கு ஒன்றாகச் சின்னப் பச்சைப் பலகை நட்டிருப்பார்கள். ஒரு பலகையில் டிரிப் மீட்டரை சைபராக்கி, பத்தாவது பலகையைத் தாண்டும்போது பாருங்கள். 10.0 இருந்தால் சரி. 9.4 என்றால் உங்கள் மைலை 1.06-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். பெரிய டயரால் மைலேஜ் குறைவது நிஜம். ஆனால் அதில் ஒரு பகுதி மீட்டர் செய்யும் பொய்.

படி 3: எம்பிஜியை விட்டுவிட்டு கேலனில் யோசியுங்கள்

ட்ரக்காரர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் நாம் இருப்பது கீழ்த்தட்டில். டண்ட்ராவைப் பாருங்கள். 2021 வரை வந்த 5.7 லிட்டர் வி8, ஃபோர் வீல் டிரைவில் கம்பைண்டு 14. 2022-ல் டர்போ வி6 வந்ததும் அது 19 ஆனது. ஐந்து கூடியது. வருடம் 15,000 மைல் ஓட்டினால் 1,071 கேலன் குடித்த இடத்தில் 789. மிச்சம் 282 கேலன். இப்போது 19 தரும் வண்டியிலிருந்து 24 தரும் ஹைப்ரிடுக்கு மாறினால்? அதே ஐந்துதான் கூடுகிறது. மிச்சம் 164 கேலன்.

கீழே இருக்கும்போது ஒவ்வொரு எம்பிஜியும் தங்கம். மேலே போகப் போக அதற்கு மதிப்புக் குறைகிறது. ஸ்டிக்கரிலேயே கம்பைண்டு எண்ணுக்குப் பக்கத்தில் '100 மைலுக்கு இத்தனை கேலன்' என்று சின்னதாகப் போட்டிருக்கும். யாரும் பார்ப்பதில்லை. உங்கள் நோட்டில் அந்தக் கணக்கையும் எழுதுங்கள்: கேலனை மைலால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் போதும். என் வண்டிக்கு 5.6 வருகிறது. ஹூஸ்டனிலிருந்து டாலஸ் 240 மைல் என்றால் எத்தனை கேலன் ஆகும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்.

படி 4: வேகம்

ஹைவேயில் மைலேஜைத் தின்பது காற்று. ட்ரக் என்பது செங்கல்லைச் சக்கரத்தில் வைத்த மாதிரி. முகம் அகலம், உயரம் அதிகம், பின்னால் திறந்த தொட்டி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 65-ல் அந்த எதிர்ப்பை 100 என்று வைத்தால், 75-ல் 133, 80-ல் 151. ஆஸ்டின் பக்கம் ஸ்டேட் ஹைவே 130-ல் 85 மைல் வேகம் வரை சட்டப்படியே போகலாம். நாட்டிலேயே அதிகம் அதுதான். அங்கே போனால் 171.

கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது உறைக்க நேரம் ஆகும். சின்னக் காரிலும் இதே விதிதான், ஆனால் அதன் முகம் சின்னது. பிக்கப்பில் வித்தியாசம் டேங்கில் தெரியும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காற்று அதிகம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் செய்தது இது. ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கும் கேட்டியிலிருந்து ஐ-10 ஹைவேயில் கொலம்பஸ் வரை, நாற்பது மைலுக்குச் சற்று மேல். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு வலது லேனில் க்ரூஸ் கண்ட்ரோலை 65-ல் போட்டு, சராசரி மைலேஜ் எண்ணை அழித்துவிட்டுப் போனேன். கொலம்பஸில் ஒரு காபி. திரும்பும்போதும் அதே 65. போக, வர இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது காற்று ஒரு பக்கம் தள்ளிவிட்டு நம்மை ஏமாற்றாமல் இருக்க. அடுத்த வாரம் அதே நேரம், அதே பாதை, 75-ல். டேஷ்போர்டின் தாராளத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 65-ல் 21.8, 75-ல் 18.6.

அதே வண்டி, அதே பெட்ரோல், அதே ஓட்டுநர்.

இப்போது இதைப் பயணமாக மாற்றிப் பாருங்கள். சான் அன்டோனியோவுக்கு 200 மைல். 65-ல் போனால் 9.2 கேலன், 75-ல் 10.8. ஒன்றரை கேலனுக்கு மேல் மிச்சம், நேரம் 25 நிமிடம் கூடுதல். இது லாபமா? உங்கள் 25 நிமிடத்துக்கு நீங்கள் போடும் விலையைப் பொறுத்தது. நான் தனியாகப் போனால் 70. குடும்பத்தோடு போனால் பின் சீட்டிலிருந்து "எப்போ வரும்?" என்ற கேள்வி எத்தனை மைலுக்கு ஒரு தடவை வருகிறது என்பதைப் பார்த்து முடிவு செய்வேன்.

டர்போ வி6 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். ஃபோர்டின் டர்போ இன்ஜினான ஈகோபூஸ்டை ஓட்டுகிறவர்கள் "ஈகோ கிடைக்கும், பூஸ்ட்டும் கிடைக்கும், ரெண்டும் ஒண்ணா கிடைக்காது" என்று கிண்டலாகச் சொல்வார்கள். மெதுவாக மிதித்தால் சின்ன இன்ஜின் மாதிரி நடந்துகொள்ளும். அழுத்தினால் டர்போ காற்றை ஏற்றும், அதற்கேற்ற பெட்ரோலும் உள்ளே போகும். அப்போது வி8-க்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது. வி8 பக்கம் ஜிஎம் (சில்வராடோ, சியரா செய்யும் நிறுவனம்), ராம் வண்டிகளில் சுமை குறைவாக இருக்கும்போது சில சிலிண்டர்கள் தானாக உறங்கிவிடும். 65-ல் சமதளத்தில் அது அடிக்கடி நடக்கும். எதிர்காற்றில் 78-ல் போனால் எல்லாச் சிலிண்டரும் விழித்தே இருக்கும்.

படி 5: நின்றபடி குடிக்கும் பெட்ரோல்

மீனாட்சி கோயில் தம்பியின் கதை இங்கே வருகிறது. நாலு மைல் ஓட்டத்தில் இன்ஜின் முழுசாகச் சூடேறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், இன்ஜின் கூடுதல் பெட்ரோல் கேட்கும், கியர்பாக்ஸும் சோம்பலாக இருக்கும். டெக்சாஸ் குளிரிலேயே இப்படி. மினசோட்டா, மிச்சிகன் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். 77 ஃபாரன்ஹீட்டில் கிடைக்கும் நகர மைலேஜ் 20 ஃபாரன்ஹீட்டில், அதாவது செல்சியஸ் மைனஸ் ஏழில், சாதாரண பெட்ரோல் காருக்குச் சுமார் 15 சதவீதம் குறையும் என்கிறது ஃப்யூல்எகானமி.கவ். மூன்று நாலு மைல் ஓட்டம் என்றால் 24 சதவீதம் வரை. ஜனவரியில் ரிமோட் ஸ்டார்ட் போட்டு கால் மணி நேரம் சூடேற்றுவது சுகம்தான், ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்கு மைலேஜ் சைபர்.

நின்றபடி ஓடும் இன்ஜின் மணிக்குக் கால் முதல் அரை கேலன் வரை குடிக்கும். பெரிய இன்ஜின், ஏசி முழு வேகம் என்றால் அரையை நோக்கிப் போகும். ஸ்கூல் பிக்கப் வரிசையில் பிக்கப்பை நிறுத்திக்கொண்டு தினமும் அரை மணி நேரம் ஏசியில் உட்கார்ந்திருக்கிறோம். ஸ்கூல் 180 நாள் என்று வைத்தால் 90 மணி நேரம், 45 கேலன் வரை. ஒரு அடி நகராமல் இரண்டு டேங்க். ஆகஸ்ட் வெயிலில் ஏசியை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனம் வராது. பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பலாம். அல்லது அந்த வேலைக்கு வீட்டில் இருக்கும் சின்னக் காரை அனுப்பலாம். சிக்னலில் இன்ஜினைத் தானாக நிறுத்தும் வசதி எரிச்சலாக இருக்கிறது என்று பலரும் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். அப்படியானால் மைலேஜைப் பற்றிப் புலம்பவும் கூடாது.

ஓட்டம் முழுக்க நகரத்துக்குள்தான் என்றால், ஹைப்ரிடுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அங்கேதான் திரும்பி வரும். பவர்பூஸ்ட் ஃபோர் வீல் டிரைவின் எண்கள் சிட்டி 24, ஹைவே 24. நீண்ட ஹைவே ஓட்டமே வேலை என்றால் டீசல். 2020 சில்வராடோவின் 3.0 லிட்டர் டீசல், டூ வீல் டிரைவில் ஹைவே 33 என்று வந்தது. ஒரு கேலன் டீசலில் பெட்ரோலைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் சக்தி அதிகம் என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் உங்கள் ஊரில் டீசல் விலையையும் பாருங்கள். மிச்சம் பிடித்ததை பம்பிலேயே திருப்பிக் கொடுத்துவிடக் கூடும்.

படி 6: டிரெய்லர் மாட்டினால்

பாதியாகும். இதை முதலிலேயே மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

காலியாக 18 தரும் வண்டி, ஆள் தங்கும் கேம்பர் டிரெய்லரை இழுத்தால் 9-ல் நிற்கும். எடைதான் காரணம் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஏறும்போது எடை, உண்மை. ஆனால் சமதளத்தில் நிலையான வேகத்தில் பெரிய செலவு, எட்டடி அகலத்தில் ட்ரக்கைவிட உயரமாக நிற்கும் அந்தச் சுவர்தான். அதே எடைக்குத் தாழ்வான ஒரு படகையோ திறந்த டிரெய்லரில் செங்கலையோ இழுத்துப் பாருங்கள், அவ்வளவு விழாது.

இதிலிருந்து வரும் நடைமுறை விஷயம் தூரம். 26 கேலன் டேங்க், 9 எம்பிஜி என்றால் காகிதத்தில் 234 மைல். கையிருப்பு கழித்து 180-ல் நிறுத்தத் திட்டமிடுங்கள். மேற்கு டெக்சாஸில், நியூ மெக்சிகோவில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இடைவெளி அதிகம். 'அடுத்ததில் பார்த்துக்கலாம்' என்பது அங்கே ஆகாது. வாங்கும்போதே இழுக்கும் எண்ணம் இருந்தால் பெரிய டேங்க் உள்ள வண்டியைத் தேடுங்கள். எஃப்-150-யில் 36 கேலன், டண்ட்ராவில் 32.2 கேலன் டேங்க் வரைக்கும் உண்டு.

சுமை இழுப்பதற்கென்றே இருக்கும் டோ/ஹால் மோடைப் போடுங்கள். கியர் அடிக்கடி மேலும் கீழும் தாவாது. வேகம் 60, 65-க்கு மேல் வேண்டாம். டிரெய்லர் டயர்களில் நிறைய 65 மைல் வேகத்துக்குத்தான் உத்தரவாதம் உள்ளவை. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் சட்டமே 55. பின் ஆக்சில் விகிதம் என்று ஒன்றும் இருக்கிறது, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்ற கணக்கு. ராமில் 3.21 வாங்கினால் காலியாக ஹைவேயில் கொஞ்சம் சிக்கனம், 3.92 வாங்கினால் இழுப்பது சுலபம். வருடத்துக்கு ஒரு வாரம் கேம்பிங் போவதற்காக மீதி ஐம்பத்தோரு வாரமும் 3.92-ஐச் சுமக்க வேண்டுமா என்று யோசித்து வாங்குங்கள்.

படி 7: டயர், பெட்ரோல்

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காற்று அதன்படி. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண் அதிகபட்சம், அதை நிரப்பாதீர்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் அளக்க வேண்டும். வெப்பம் 10 ஃபாரன்ஹீட் இறங்கினால் காற்று சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். அக்டோபரில் ஒரு தடவை கட்டாயம் பாருங்கள். நாலு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம்தான் குறையும். பெரிய தொகை இல்லை. ஆனால் 10 குறைந்து கிடக்கும் வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். கட்டை கட்டையாக இருக்கும் ஆல்-டெரெய்ன் டயர் சேற்றில் போகாதவர்களுக்குத் தேவையில்லை. பார்க்க அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெட்ரோலுக்கு இங்கே கேஸ் என்று பெயர். 87, 89, 91 அல்லது 93 என்று ஆக்டேன் அளவு போட்ட பட்டன்கள். பெரிய எண்தான் பிரீமியம். மேனுவலில் 87 என்றால் 87 போதும், பிரீமியம் போட்டால் மைலேஜ் கூடும் என்று காசைக் கரைக்காதீர்கள். ஆனால் ஜிஎம்மின் 6.2 லிட்டர் வி8-க்கு பிரீமியமும், ராமின் 5.7 லிட்டர் ஹெமி வி8-க்கு 89-ம் பரிந்துரை. பழைய வண்டி வாங்கும் முன் இதையும் செலவில் சேருங்கள். கொலராடோ மாதிரி மலை மாநிலங்களில் 85 என்று ஒரு பட்டன் இருக்கும், அதைத் தொடாதீர்கள். 'ஃப்ளெக்ஸ் ஃப்யூல்' என்று பின்னால் எழுதியிருந்தால் எத்தனால் அதிகம் கலந்த இ85 போடலாம். விலை குறைவுதான், ஆனால் மைலேஜ் 15 முதல் 27 சதவீதம் விழும். வகுத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு: கைப்பிடியின் நிறத்தை நம்பாதீர்கள். பல ஸ்டேஷன்களில் பச்சை என்றால் டீசல். சில பிராண்டுகளில் பச்சைதான் பெட்ரோல். எழுத்தைப் படியுங்கள்.

காசு கொடுக்க வேண்டாதவை

பின்கதவைத் திறந்து போட்டு ஓட்டினால் காற்று சுலபமாகப் போகும் என்று யாராவது சொல்வார்கள். மூடியே வையுங்கள். மூடியிருக்கும்போது தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கி, மேலே வரும் காற்றைத் தாண்டவிடும். திறந்தால் அந்தச் சுழல் கலைந்துவிடும். தொட்டிக்கு மூடி போட்டால் கொஞ்சம் உதவும், ஆனால் அதை மழைக்காக வாங்குங்கள், மைலேஜுக்காக வேண்டாம். டேஷ்போர்டுக்குக் கீழே செருகினால் முப்பது சதவீதம் மிச்சம் என்று விற்கும் பிளக்குகளைத் தொடவே தொடாதீர்கள். மைலேஜ் கூட்டும் என்று விற்ற நூற்றுக்கும் மேற்பட்ட சாமான்களை அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ பரிசீலித்துப் பார்த்து, சொல்லும்படி கூட்டியது ஒன்றுமில்லை என்று கண்டது. ஏர் ஃபில்டரை மாற்றுவது இன்ஜினுக்கு நல்லது. இன்றைய வண்டிகளில் மைலேஜ் அதனால் கூடுவதில்லை.

எண் திடீரென்று விழுந்தால்

நோட்டு எழுதுவதன் பெரிய பலன் இதுதான். போன வருடம் நவம்பரில் என் எண் 18-லிருந்து 16.4-க்கு வந்தது. ஒரு டேங்க் என்றால் விட்டிருப்பேன், அடுத்ததும் 16.2. முதலில் காற்றைப் பார்த்தேன், சரியாக இருந்தது. டிரைவ் குமிழ் டூ வீலில்தான் இருந்தது. பத்து மைல் ஓட்டியதும் இறங்கி நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையை நீட்டிப் பார்த்தேன். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடினால் அந்தச் சக்கரம் மட்டும் தகிக்கும். நாலும் ஒன்றுபோல. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை.

அப்புறம்தான் ஹீட்டர் ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாகவே "காத்து சூடா வர மாட்டேங்குதுங்க" என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். வெப்ப முள் நடுவுக்கு வராமல் கீழேயே நின்றிருந்தது. இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் எவ்வளவு ஓடினாலும் குளிராகவே இருக்கிறது, காலை நேரத்து இன்ஜின் மாதிரி நாள் முழுக்கக் கூடுதல் பெட்ரோல் கேட்கிறது. தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தேன், ஒரு மத்தியான வேலை. அடுத்த டேங்க்: 352.8 மைல், 19.71 கேலன், 17.9. ஹீட்டரும் சரியாகிவிட்டது.